எதில் 80 சதவீதம்?

சித்திக்கு இடது காதில் ஆபரேஷன் நடந்தது. அதற்கப்புறம் தலைசுற்றல் ஏறக்குறைய நின்றுவிட்டது. எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்தது. கல்யாண வீட்டிலோ காதுகுத்திலோ யாராவது ‘கிறுகிறுன்னு வருது’ என்று நெற்றியைப் பிடித்தால் போதும், சித்தப்பா போனை எடுத்துவிடுவார். “எங்க வீட்லயும் இதே கதைதான். மதுரைல காட்டுனோம். ஒரே ஆபரேஷன். இப்ப பாருங்க, குத்துக்கல்லாட்டம் இருக்கா” என்று டாக்டர் நம்பரைக் கொடுப்பார். எனக்குத்தான் இந்தக் கதை எங்கேயோ ஒட்டவில்லை. சித்தி நன்றாக இருக்கிறார் என்பதில் சந்தேகமே இல்லை. எதனால் நன்றாக இருக்கிறார் என்பதுதான் ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

சித்தி விருதுநகர் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். நோயின் பெயர் மெனியர். அந்தப் பெயர் தெரிவதற்கு முன்னால் எல்லா வீட்டிலும் நடப்பது இங்கேயும் நடந்தது. முதலில் பித்தம் என்றார்கள், சுக்கும் எலுமிச்சையும் ஓடியது. அப்புறம் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று ஒருவர் சொல்ல, சித்தி பட்டை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். காது அடைத்துக்கொள்ளும், உள்ளே ‘ஙொய்ங்’ என்று ஏறும், அப்புறம் அறையே சுழலும், வாந்தி எடுத்தே ஓய்ந்து போவார், சில மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து குளிப்பார். இந்த வரிசையைச் சரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவர் மூன்றாவதாகப் பார்த்த இ.என்.டி. டாக்டர்தான். உப்பைக் குறைக்கச் சொல்லி, பீட்டாஹிஸ்டின் மாத்திரை எழுதினார். ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர்மிளகாய் எல்லாம் வீட்டை விட்டுப் போயின. ஆனாலும் வந்தது. ஒரு நாள் கரும்பலகை முன்னால், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், யாரோ பிடித்துத் தள்ளியது போல விழுந்தார். நினைவு தப்பவில்லை, கால்தான் இல்லாமல் போனது. டுமார்கின் என்பவர் 1936லேயே விவரித்த விஷயம் இது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்றைக்குக் குடும்பத்துக்குத் தெரிந்ததெல்லாம், இனி மாத்திரை போதாது என்பதுதான்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் காகிதத்தில் உள்காதை வரைந்து காட்டினார். உள்ளே இருக்கும் நீர் அளவுக்கு மீறித் தேங்குகிறது, அது வடிகிற இடத்தில் சின்னதாக ஒரு பை இருக்கிறது, காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து போய் அந்தப் பையைத் திறந்துவிட்டால் அழுத்தம் குறையும் என்றார். கண்மாய்க் கலுங்கில் கிடக்கும் அடைப்பை எடுத்துவிடுவது போல என்று சித்தப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. “80 பர்சென்ட் சக்சஸ்” என்றார் டாக்டர். சித்தி சும்மா இருக்கவில்லை. “எதுல 80 சார்? நூறு பேருக்குச் செஞ்சா 80 பேருக்கு முழுசா நின்னுடுமா? இல்ல, ஒவ்வொருத்தருக்கும் 80 பங்கு குறையுமா?” டாக்டர் சிரித்தார். “நல்லாயிடும்மா, பயப்படாதீங்க.” வெளியே டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தால் அவரைக் குறை சொல்லத் தோன்றாது. ஆனால் கேள்வி கேள்வியாகவே நின்றது. சித்தப்பா நகையை வைத்துப் பணம் கட்டினார்.

எண்ணுகிற விதம்

அந்தக் கேள்விக்குப் பதில் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அகாடமி 1995இல் ஒரு கணக்கு வகுத்தது. சிகிச்சைக்கு முந்தைய 6 மாதங்களில் மாதத்துக்குச் சராசரியாக எத்தனை முறை தலைசுற்றல் வந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 20 நிமிடத்துக்குக் குறைந்தது சேராது. சிகிச்சை முடிந்து 18ஆம் மாதத்திலிருந்து 24ஆம் மாதம் வரை எத்தனை என்று மறுபடி எடுக்க வேண்டும். பின்னதை முன்னதால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண் வரும். பூஜ்யம் என்றால் ஏ வகுப்பு. 1 முதல் 40 வரை பி. 80 வரை சி. 81 முதல் 120 வரை டி, அதாவது இருந்த இடத்திலேயே இருக்கிறீர்கள். அதற்கு மேல் போனால் ஈ. தாங்க முடியாமல் வேறொரு சிகிச்சைக்குப் போய்விட்டால் எஃப். கட்டுரைகளில் ‘80 சதவீத வெற்றி’ என்று வந்தால் பெரும்பாலும் ஏ வகுப்பையும் பி வகுப்பையும் கூட்டிய தொகை என்று பொருள். மாதம் 10 முறை விழுந்துகொண்டிருந்தவர் 4 முறை விழுந்தால் அவரும் வெற்றிக் கணக்கில்தான் வருவார். அவர் வீட்டில் அப்படிச் சொல்வார்களா என்பது வேறு.

இந்தக் கணக்கில் எனக்குச் சிக்கலாகப் பட்டது வகுத்தலுக்குக் கீழே இருக்கும் எண். யாரும் நன்றாக இருக்கும்போது காதைக் குடையச் சம்மதிப்பதில்லை. மிக மோசமான 6 மாதத்துக்குப் பிறகுதான் கையெழுத்துப் போடுகிறார்கள். மெனியரோ ஏறி இறங்கும் நோய். உச்சத்தில் இருக்கும்போது எதைச் செய்தாலும், ஒன்றுமே செய்யாவிட்டாலும், அடுத்து இறங்குவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் சில்வர்ஸ்டைனும் அவர் கூட்டாளிகளும் 1989இல் ஒரு காரியம் செய்தார்கள். ஆபரேஷன் வேண்டும் என்று சொல்லப்பட்டும் மறுத்துவிட்டுப் போன நோயாளிகளைத் தேடிப் பிடித்து விசாரித்தார்கள். 2 வருடத்தில் அவர்களில் 57 சதவீதம் பேருக்குத் தலைசுற்றல் முழுசாக நின்றிருந்தது. சராசரியாக 8 வருடம் கழித்துப் பார்த்தால் 71 சதவீதம். இவர்கள் யாரும் கத்தியையே பார்க்காதவர்கள். இனி எந்த ஆபரேஷன் 70 சதவீதம் என்று சொன்னாலும் முதலில் இந்த ஆட்களைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

காது ஆபரேஷன் எல்லாமே இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. காதுக்குள் இருக்கும் அங்கவடி எலும்பு இறுகிப்போய் கேட்காமல் போகிறவர்களுக்கு, அதை எடுத்துவிட்டுச் செயற்கையாக ஒன்றைப் பொருத்தும் ஆபரேஷனை ஜான் ஷே 1956இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் செய்தார். அங்கே அடைப்பு எது என்று தெரியும், எடுத்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். முன்னால் ஓர் ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளந்து போடும் வரைபடம்), பின்னால் ஓர் ஆடியோகிராம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விவாதத்துக்கே வேலை இல்லை. இறுகின எலும்பு தானாக ஒரு நாள் இளகிக் கொடுப்பதும் இல்லை. மெனியரில் இந்த வசதி எதுவும் கிடையாது. நீர் தேங்குவதை 1938இல் லண்டனில் ஹால்பைக்கும் கெய்ர்ன்ஸும், அதே வருடம் ஜப்பானில் யமகாவாவும், இறந்தவர்களின் காதெலும்பை வெட்டிப் பார்த்துக் கண்டார்கள். ஆனால் பிரான்சின் போர்டோ நகரில் ஜார்ஜ் போர்ட்மான் அந்தப் பையைத் திறக்கும் ஆபரேஷனை 1927லேயே எழுதிவிட்டார். நோயின் உள்புறத்தைப் பார்ப்பதற்குப் பத்து வருடம் முன்பே சிகிச்சை வந்துவிட்டது. அப்புறம் இன்னொரு குழப்பம்: உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் தலைசுற்றாதவர்களின் காதிலும் இதே நீர்த்தேக்கம் தென்பட்டிருக்கிறது. கலுங்கு அடைத்ததால் கண்மாய் நிறைந்ததா என்பதே இன்னும் முழுசாகத் தெளிவாகவில்லை.

உறுதியாக வேலை செய்கிற ஆபரேஷன்கள் இருக்கத்தான் செய்கின்றன. உள்காதையே எடுத்துவிடுவது ஒன்று. அந்தப் பக்கத்திலிருந்து வரும் தலைசுற்றல் ஏறக்குறைய எல்லாருக்கும் நின்றுவிடும், மிச்சமிருந்த செவியும் அதோடு போய்விடும். மண்டையைத் திறந்து சமநிலை நரம்பை வெட்டுவது இன்னொன்று. பால்டிமோரில் வால்டர் டாண்டி 1920களில் தொடங்கி 600க்கும் மேற்பட்டவர்களுக்கு இதைச் செய்தார். செவியைக் காப்பாற்றும் வாய்ப்பு இதில் உண்டு, மூளைக்குப் பக்கத்தில் போகும் ஆபத்தும் உண்டு. ஜென்டாமைசினைச் செவிப்பறை வழியாக ஊசியில் செலுத்துவதும் அடிப்படையில் இதே வழிதான், கத்திக்குப் பதில் மருந்து. எல்லாவற்றிலும் நடப்பது ஒன்று: தப்பான சேதி அனுப்பும் காதை அடக்கிவிட்டு, மற்றக் காதை வைத்துச் சமாளிக்க மூளையைப் பழக்குவது. அதற்குச் சில வாரங்கள் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். இருட்டில் நடக்கும்போது பலருக்கு அந்தக் குறை பிற்பாடும் தெரியும். வருடங்கள் போகப்போக மற்றக் காதிலும் இந்த நோய் வரக்கூடும் என்பதால் டாக்டர்கள் இதற்குத் தயங்குவார்கள். ஆக நிலைமை இது: சிகிச்சை எவ்வளவுக்கு எவ்வளவு அழிக்கிறதோ அவ்வளவு நிச்சயம், எவ்வளவுக்கு எவ்வளவு காப்பாற்றுகிறதோ அவ்வளவு சந்தேகம். சித்திக்குச் செய்தது காப்பாற்றுகிற வகை.

நிலாவுக்குப் போனவரும் டென்மார்க்கின் 30 பேரும்

இந்தப் பை ஆபரேஷனுக்குக் கிடைத்த மாதிரி ஒரு சாட்சி வேறு எந்தச் சிகிச்சைக்கும் கிடைத்திருக்காது. ஆலன் ஷெப்பர்ட், 1961இல் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர். கொஞ்ச காலத்திலேயே மெனியர் வந்து, தனியாக விமானம் ஓட்டக்கூட அனுமதி இல்லாமல் மேசை வேலையில் உட்கார்ந்துவிட்டார். லாஸ் ஏஞ்சலஸில் வில்லியம் ஹவுஸ் என்ற மருத்துவரிடம், வேறொரு பெயரில் சேர்ந்து, அந்தப் பையிலிருந்து நீர் வடியச் சின்னக் குழாய் ஒன்றை வைத்துக்கொண்டார். 1969இல் மறுபடி பறக்க அனுமதி கிடைத்தது. 1971 பிப்ரவரியில் அப்பல்லோ 14இல் நிலாவுக்குப் போய், அங்கே கோல்ஃப் பந்தை அடித்துவிட்டு வந்தார். நிலாவில் நின்றவரைக் காட்டி ஒரு சிகிச்சை பேசப்பட்டால் எந்த நோயாளிதான் எதிர்க்கேள்வி கேட்பார்? சித்தப்பா கல்யாண வீட்டில் செய்கிற வேலையைத்தான் அவருடைய கதை உலகம் முழுக்கச் செய்தது. ஆனால் ஆபரேஷன் செய்துகொள்ளாத ஷெப்பர்ட் என்று இன்னொருவர் இல்லையே, ஒப்பிட்டுப் பார்க்க.

டென்மார்க்கில் தாம்சன், பிரெட்லாவ், டோஸ், யான்சன் என்ற மருத்துவர்கள் அந்த இன்னொருவரை உண்டாக்கிப் பார்த்தார்கள். 1981இல் வெளிவந்த ஆய்வு. மாத்திரையில் பலன் இல்லாத 30 நோயாளிகள். 15 பேருக்குப் பையைத் திறந்து குழாய் வைக்கும் உண்மையான ஆபரேஷன். மற்ற 15 பேருக்குக் காதுக்குப் பின்னால் அதே மாதிரி கீறி, எலும்பை மட்டும் குடைந்து, பையைத் தொடாமல் மூடிவிட்டார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிக்கும் தெரியாது, பிற்பாடு பரிசோதித்த டாக்டருக்கும் தெரியாது. ஆபரேஷனுக்கு முன்னால் 3 மாதம், பின்னால் 12 மாதம், ஒவ்வொரு நாளும் தலைசுற்றல், இரைச்சல், காதடைப்பு, கேட்கும் திறன் என்று படிவத்தில் குறித்துவந்தார்கள். இரண்டு குழுவும் நன்றாகத் தேறியது. இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. கிடைத்த நிம்மதிக்கும் அந்தக் குழாய்க்கும் சம்பந்தமில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். 9 வருடம் வரை அதே ஆட்களைப் பின்தொடர்ந்தும் பார்த்தார்கள், பேச்சு மாறவில்லை.

இதைப் படித்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. பொய்யான ஆபரேஷன் என்பது முதலில் கோபத்தைக் கிளப்பியது. யோசிக்க யோசிக்கக் கோபம் எதிர்ப்பக்கம் திரும்பியது. 1927இலிருந்து 1981 வரை இந்த ஆபரேஷனைச் செய்துகொண்ட யாருமே, இந்த 30 பேரைப் போல, ஒரு கேள்விக்குப் பதில் தேடும் கணக்கில் வந்தவர்களில்லை. அவர்கள் காதும் குடையப்பட்டது, ஆனால் அதிலிருந்து யாரும் எதையும் தெரிந்துகொள்ளவில்லை. மறுதரப்பையும் சொல்லிவிடுகிறேன். 30 பேர் ரொம்பக் குறைவு என்று அன்றைக்கே சண்டை போட்டார்கள். எலும்பைக் குடைவதே ஏதாவது நன்மை செய்திருக்கலாமே, அதை எப்படி வெறும் பாசாங்கு என்பது என்று கேட்டார்கள். 2000இல் அமெரிக்காவில் இரண்டு பேர் அதே எண்களை வேறு புள்ளியியல் முறையில் போட்டுப் பார்த்து, உண்மையான ஆபரேஷனுக்குக் கொஞ்சம் பலன் இருக்கிறது என்றார்கள். 1998இல் அதே டென்மார்க் குழு, 29 பேரை வைத்து, பை ஆபரேஷனையும் செவிப்பறையில் வெறும் காற்றுக்குழாய் வைப்பதையும் ஒப்பிட்டது, அதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பிற்பாடு எல்லா ஆய்வுகளையும் சலித்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பில் தேறியவை இந்த இரண்டு ஆய்வுகள் மட்டும்தான். மொத்தம் 59 பேர். உலகம் முழுக்க எத்தனையோ ஆயிரம் காதுகள் குடையப்பட்டிருக்கும், நம்பிப் பேசக் கிடைத்தது 59.

மாத்திரைக்கும் இதே கதைதான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஜெர்மனியில் 221 பேரிடம் பீட்டாஹிஸ்டினைக் குறைந்த அளவிலும், அதிக அளவிலும், வெறும் மாவு மாத்திரையாகவும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016இல் வந்தது. மூன்று குழுவுக்கும் தலைசுற்றல் ஒரே மாதிரி குறைந்தது. அதனால் கத்தி மட்டும்தான் ஏமாற்றுகிறது, மாத்திரை யோக்கியம் என்று நினைக்க வேண்டாம்.

காலண்டர்

இதையெல்லாம் படித்துவிட்டுச் சித்தியிடம் ஒன்றும் சொல்லாமல்தான் இருந்தேன். தேறியவரிடம் போய், நீங்கள் தேறியதற்குக் காரணம் அது இல்லையோ என்று கேட்பதில் யாருக்கு என்ன லாபம்? அப்படியே விட்டிருப்பேன். ஆனால் அவர் பள்ளி சயின்ஸ் டீச்சருக்கும் மெனியர் என்று தெரியவந்தது. சித்தியைப் பார்த்துவிட்டு அவரும் அதே ஆபரேஷனுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். வங்கிக் கடனுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. அவர் வீட்டுக்காரர் என்னிடம் போனில், “உங்க சித்திக்குச் சரியாயிடுச்சுல்ல, அதான் தைரியமா இறங்குறோம்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு விளங்கியது. சித்தியின் காது இனிமேல் சித்தியின் காது மட்டும் இல்லை. அடுத்தவருக்கு அத்தாட்சி.

ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து சொன்னேன், டென்மார்க்கிலிருந்து ஆரம்பித்து. சித்தி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். “அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லேங்கிறியா?” என்று மட்டும் கேட்டார். இல்லை சித்தி, நோய் நிஜம், குறைந்ததும் நிஜம், எது குறைத்தது என்பதுதான் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்து போய் அலமாரி மேலிருந்து பழைய காலண்டர்களைச் சுருட்டி எடுத்துவந்தார். ஜவுளிக்கடை காலண்டர். பால் வராத நாளுக்குப் பெருக்கல் குறி, தலைசுற்றிய நாளுக்குச் சிவப்பு மையில் வட்டம், ரொம்ப நேரம் நீடித்தால் இரண்டு வட்டம். டாக்டர் யாரும் கேட்கவில்லை, அவராகவே குறித்துவந்திருக்கிறார். கணக்கு டீச்சர்.

1995 சூத்திரத்தைச் சொன்னேன். காதில் வாங்கியதும் அவரே பேப்பரை எடுத்துவிட்டார். ஆபரேஷனுக்கு முந்தைய 6 மாதம் சிவப்பாகக் கிடந்தது. 18லிருந்து 24ஆம் மாதம் வரை தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. வகுத்தார், பெருக்கினார். பி வகுப்பு, அதுவும் ஏ வகுப்பைத் தொட்டுக்கொண்டு. “பாஸ்தான்டா” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தோடு எழுந்துவிடுவார் என்று பார்த்தால் காலண்டரைப் பின்னால் புரட்டினார். ஆபரேஷனுக்கு முந்தைய வருடத்துக்குப் போனார். கோடை விடுமுறை முடிந்து தீபாவளி வரைக்கும் தாள் சுத்தமாக இருந்தது, பால் குறி மட்டும்தான். அந்த மாதங்களை ஒட்டிய 6 மாதத்தைக் கீழே போட்டு வகுத்துப் பார்த்தார். அதே காது, அதே ஆபரேஷன், வகுப்பு டி. “இந்த ஆறு மாசத்துக்கு அப்புறம் பண்ணியிருந்தா ஃபெயிலாயிருப்பேனே!” என்றார். அந்தக் குரலில் வருத்தம் இல்லை, தப்பான வினாத்தாளைக் கையில் வாங்கிய எரிச்சல்தான் இருந்தது.

அப்புறம் அவர் விரல் வேறொரு இடத்தில் நின்றது. ஆபரேஷன் முதலில் குறித்த தேதியில் நடக்கவில்லை. பொதுத்தேர்வுப் பணி வந்ததால் தள்ளிப்போட்டார்கள். அது எங்கள் யாருக்கும் ஞாபகமே இல்லை. தள்ளிப்போட்ட அந்த வாரங்களில் வட்டங்கள் ஏற்கெனவே குறைய ஆரம்பித்திருந்தன. ஆபரேஷனுக்கு முந்தின வாரங்களில் ஒன்றுகூட இல்லை. சித்தி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இதனால் ஆபரேஷன் ஒன்றும் செய்யவில்லை என்று நிரூபணமாகிவிடாது. முன்பும் அப்படிக் குறைந்து, மறுபடி ஏறியதும் அதே காலண்டரில் இருக்கிறது. ஆபரேஷன் செய்யாவிட்டால் இந்தத் தடவையும் ஏறியிருக்கலாம், ஏறாமலும் போயிருக்கலாம். ஒரே ஒரு காலண்டரை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல வழியே இல்லை. டென்மார்க்கில் 15 பேருக்கு அந்தப் பொய்க் கீறல் எதற்குத் தேவைப்பட்டது என்று கட்டுரையைப் படித்தபோது எனக்கு விளங்கியதைவிட, இந்தத் தாளைப் பார்த்தபோது நன்றாக விளங்கியது.

“இத உங்க சித்தப்பாகிட்ட சொல்லிட்டுத் திரியாத. மனுசன் இன்னும் நகைய மீட்டு முடிக்கல” என்று காலண்டரைச் சுருட்டினார்.

சயின்ஸ் டீச்சரிடம் சித்தி என்ன பேசினார் என்று எனக்கு முழுசாகத் தெரியாது. ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது மட்டும் நிச்சயம். அப்படிச் சொல்வதற்கும் அவரிடம் ஆதாரம் இல்லை. காலண்டரில் வட்டம் போடச் சொல்லியிருக்கிறார். எந்த 6 மாதத்தை வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள் என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறார். அந்த டீச்சர் வேறொரு டாக்டரையும் பார்த்துவிட்டு, முதலில் செவிப்பறை வழியாக ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டார். இங்கிலாந்தில் 60 பேரிடம் அந்த ஊசியையும் ஜென்டாமைசினையும் ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வந்தது. இரண்டிலும் தலைசுற்றல் ஏறக்குறைய ஒரே அளவு, 90 சதவீதத்தை ஒட்டிக் குறைந்தது. ஸ்டீராய்டு உள்காதை அழிப்பதில்லை என்பதால், அதை முதலில் பார்ப்பது நியாயம் என்று எனக்கும் படுகிறது. அந்த ஆய்விலும் வெறும் உப்புநீர் ஊசி போட்ட மூன்றாவது குழு இல்லை என்பதைச் சித்தி கண்டுபிடிப்பதற்கு அதிக நேரம் ஆகவில்லை. இப்போது அந்த டீச்சருக்குப் பரவாயில்லை என்கிறார்கள். கடன் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிவிட்டார்.

இத்தனை கணக்கிலும் யாரும் கை வைக்காத ஒன்று சித்தியின் செவி. குடும்பத்தில் ‘சரியாப் போச்சு’ என்று சொல்லும்போது அது அந்தப் பேச்சிலேயே வருவதில்லை. 1995 வழிகாட்டியில் அதற்கும் தனிக் கணக்கு உண்டு: நான்கு அலைவரிசைகளில் எடுத்த சராசரி 10 டெசிபலாவது மாறினால் அதை மாற்றம் என்று கொள்ள வேண்டும். சித்தியின் இடது காது, ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ஆடியோகிராமைவிட இப்போது அந்த அளவுக்கு மேலேயே இறங்கியிருக்கிறது. ஆபரேஷன் இறக்கியதா, நோய் இறக்கியதா, அதற்கும் பதில் இல்லை. போனை எப்போதும் வலது பக்கம் வைக்கிறார். வகுப்பில் இடது கை சுவரைப் பார்க்கிற மாதிரி நின்றுகொள்கிறார். இடப்பக்கக் கடைசி பெஞ்சுப் பையன்கள் அதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். போன மாதம் காது மெஷின் வைத்துப் பார்க்கப் போனோம். சத்தம் கூடியது, தெளிவு கூடவில்லை. ஒரே ஒலி வலது காதில் ஒரு சுருதியிலும் இடது காதில் வேறொரு சுருதியிலும் கேட்கிறதாம். மெனியர் காதுகளில் இப்படி உண்டு, கொஞ்ச நாள் போட்டுப் பழகிவிட்டு முடிவு செய்யுங்கள் என்றார் ஆடியோலஜிஸ்ட். விலையைக் கேட்டதும் சித்தி கழற்றி மேசையில் வைத்தார். அரையாண்டு லீவில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார், அதுவரைக்கும் வீட்டில் கூப்பிடுகிறவர்கள் வலது பக்கம் வந்து கூப்பிட வேண்டும் என்று உத்தரவு.